நிறைந்து திரும்பிய தட்டு

பாறையில் மஞ்சள் கோடு போட வந்தவர்களை முதலில் பார்த்தது நான்தான். அங்கன்வாடியைத் திறக்கச் சாவியோடு போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பேர் குனிந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவன் டப்பாவில் பெயிண்டைக் கலக்கிவிட்டு, கலக்கிய குச்சியை எங்கள் களத்தின் மேலேயே உதறினான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னா பண்றீங்க இங்க?"

"பார்க்கிங்குக்கு மார்க்கிங் போடறோம்மா. கார் நிக்கறதுக்கு."

"யாரு வூட்டு எடம்னு நெனச்சுக்கினு போடறீங்க?"

கயிறு பிடித்தவன் நிமிர்ந்து பார்த்தான். பாவம், கூலிக்கு வந்தவன். "உங்க ஊரே ஒத்துக்கினுதாமேம்மா. மீட்டிங்ல ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலியாமே" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். நிஜமாகவே சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேனே! எங்கள் ஊர் அன்றைக்குச் சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவாக எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதுவும் என் கூடப்பிறந்த தம்பியின் கையாலேயே அந்தப் பதில் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கேயோ ஏதோ குளறுபடி, தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டப் போய்விட்டேன். எப்பேர்ப்பட்ட மடச்சி நான்.

பாறை என்றதும் குன்று ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். தரையோடு தரையாக அகலமாகப் படுத்துக்கிடக்கிற கல் அது. ஜவ்வாது மலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சமதரை கிடைப்பதே பெரிது. எங்கள் ஊருக்கு மட்டும் ஊரே உட்காரும் அளவுக்கு ஒரு பாறை வாய்த்திருந்தது, அதுவும் இரண்டு சரிவுக்கு நடுவில் காற்று ஓடுகிற வாயில். சாமை அறுத்ததும் கதிரை அங்கேதான் பரப்புவோம். மாடுகளை ஒரே கயிற்றில் பிணைத்து அதன் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவோம். பிறகு முறத்தில் அள்ளிக் காற்றில் தூற்றினால் பதர் பறந்துவிடும், மணி காலடியில் விழும். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மண் தரையில் அடித்தால் மண்ணோடு போய்விடும். ஒரு கல் கலந்தால் பல் போய்விடும். பாறையில் அடித்தால்தான் அது சோறு.

அறுவடை முடிந்தால் அதே பாறையில் புளி காயும். புளி முடிந்தால் கல்யாணப் பந்தி. மழைக்காலத்தில் பாசி பிடித்துச் சும்மா கிடக்கும், அப்போது பிள்ளைகள் வழுக்கி விளையாடி மண்டையை உடைத்துக்கொள்ளும். ஊர்க்கூட்டமும் அங்கேதான். அரசாங்கக் கணக்கில் மட்டும் அதற்குப் பாறைப் புறம்போக்கு என்று பெயர். அதாவது யாருக்கும் சொந்தமில்லாத, எதற்கும் உதவாத இடம்.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அவனுக்கும் எனக்கும் நல்ல வயது வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா காட்டுக்குப் போனால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது நான். அவன் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே பாலிடெக்னிக் போய், சர்வே படிப்பு முடித்தான். எங்கள் ஊரில் மலையை அளக்கத் தெரிந்த முதல் ஆள் அவன்தான். படவேட்டுப் பக்கம் பெண் கட்டினான், செங்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தான். அவன் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மலையேறி வந்தால் எனக்கு அப்படி ஒரு கர்வம். "இன்னா உன் தம்பி கலெக்டரு மாதிரி வர்றான்" என்று யாராவது கிண்டல் செய்தால் மறுக்கக்கூட மாட்டேன்.

அவன் வேலை பார்த்த கம்பெனியிடம் அரசாங்கம் ஒரு வேலை கொடுத்திருந்தது. எங்கள் மலைக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட வேண்டும். மாஸ்டர் பிளான் என்றார்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை, எங்கே லாட்ஜ், எங்கே எதையும் தொடவே கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. நல்ல விஷயம்தான், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. வெயில் காலத்தில் கார்கள் மொய்க்கத் தொடங்கியதிலிருந்து, மலையில் காசுள்ளவன் இஷ்டத்துக்கு லாட்ஜ் கட்டினான். அதன் சாக்கடை நாங்கள் குடிக்கிற ஓடையில் இறங்கியது. தட்டிக்கேட்டால், எந்தச் சட்டத்தில் கூடாது என்றிருக்கிறது என்று திருப்பிக் கேட்டான். திட்டம் வேண்டும் என்று நானும்தான் சொன்னேன். என் தம்பி அதில் இருக்கிறான் என்றதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முதலில் ட்ரோன் வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து ஓடி வந்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டன. பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண். என் வீட்டில்தான் சாப்பிட்டார். சாமைச் சோற்றைக் கேட்டு வாங்கி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. தெரியாதவரிடம் என்ன கோபம்?

மேடம் ஒரு பெரிய படத்தைப் பாறையில் விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் செருப்பை வைத்தோம். குடியிருப்பு மஞ்சள், கடை நீலம், பயிர் பச்சை. எங்கள் பாறை சாம்பல் நிறத்தில் இருந்தது. மேடம் விளக்கினார். மலைக்கு வரும் கார்கள் ரோட்டோரம் நின்று எல்லாருக்கும் தொல்லை. ஆகவே ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். மரம் வெட்டாமல், மலையைக் குடையாமல், வயலை அழிக்காமல் ஓர் இடம் தேடினார்களாம். இந்தப் பாறைதான் கிடைத்ததாம். சுற்றுச்சூழலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான், அவர் பார்த்தது வெறும் கல்லைத்தானே. சாமை அப்போது பச்சையாக வயலில் நின்றது, புளி மரத்தில் இருந்தது, பாறை சும்மா கிடந்தது.

ஊருக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும் என்றார். என் தம்பி முன்னால் வந்து, "எங்க ஊர் வழக்கப்படி கேட்டுடலாம் மேடம், மரியாதையா இருக்கும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்துப் பெரிய ஆளானாலும் நம் வழக்கத்தை மறக்கவில்லை பார் என்று பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்துச் சொன்னேன்.

வழக்கம் இதுதான். எங்கள் கூட்டத்தில் யாரும் கை தூக்குவதில்லை. ஊர்க்கவுண்டர், அதாவது கூட்டத்தை நடத்துகிற பெரியவர், விஷயத்தை ஒரு முறை சொல்வார். பிறகு வெற்றிலை பாக்குத் தட்டு வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிற வரிசையில் போகும். சம்மதம் என்றால் ஒரு வெற்றிலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சம்மதமில்லை என்றால் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்த்திவிட வேண்டும். யாரும் வாயைத் திறப்பதில்லை. முகத்துக்கு நேராக வேண்டாம் என்பது, அதுவும் நம் வீட்டில் சோறு தின்ற ஆளிடம் சொல்வது, எங்களுக்கு மகா கூச்சம். பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, காட்டுத் தகராறு எல்லாமே இப்படித்தான் முடிவாகும். தட்டு நிறைந்து திரும்பினால் அந்தப் பேச்சு செத்தது என்று அர்த்தம். அப்புறம் அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தது என் தம்பி. ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினான். என் வீட்டுக்காரர் போன பிறகு என் வீட்டுக்கு நான்தான் ஆள், அதனால் எனக்கும் நீட்டினான். தொட்டுக் கும்பிட்டு நகர்த்தினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், வேண்டாம் என்று நான் லேசாகத் தலையசைத்தேன். தட்டு சுற்றி வந்து மேடத்தின் முன்னால் நின்றது. ஒரு வெற்றிலை குறையவில்லை. மேடம், நமக்குத்தான் கொடுக்கிறார்கள் போல என்று நினைத்து, ஒன்றை எடுத்துப் பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு.

"மேடம் ஒருத்திதான் சம்மதிச்சாங்க!" என்று யாரோ சொன்னார்கள். அதுவும் அவருக்குப் புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு அவர், "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். எல்லாரும் பேசாமல் இருந்தோம். இப்போதுதானே பதில் சொன்னோம், திரும்ப எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மேடம் என் தம்பியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவன் சின்னதாகப் பதில் சொன்னான். தட்டின் விவரத்தை எடுத்துச் சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மேடம் எல்லாரையும் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று ஊரே அவரைப் புகழ்ந்தது. ஐயோ, எங்கள் லட்சணமே!

மஞ்சள் கோடு போட்ட அன்று மத்தியானம் தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சிக்னல் கிடைக்கிற புளியமரத்தடிக்கே போய் நின்று போட்டேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"ஏதோ தப்பு நடந்துகீதுக்கா. நீ டென்ஷன் ஆவாத. ஆட்சேபணை மனு குடுங்க, திரும்ப விசாரிப்பாங்க."

"நீ வந்து சொல்லுவியாடா?"

"வர்றேன்க்கா."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் சுற்றினேன். ஊர்க்கவுண்டருக்கு மனசே இல்லை. செத்த பேச்சை மறுபடி எடுப்பது அவருக்கு அபசகுனம். "கூட்டத்துல முடிஞ்சது முடிஞ்சதுதான். அத்தப் போய் இன்னொருத்தன்கிட்ட திரும்பச் சொல்லணுமா?" என்று கேட்டார். "என் தம்பி கீறான் மாமா. தட்டு அவன் கையில இருந்துச்சு. அவன் சொன்னா முடிஞ்சுது" என்றேன். என்னை நம்பித்தான் அவர் கிளம்பினார். வேறு எதற்காகவும் இல்லை, என் வாய்ச்சொல்லுக்காக. இதை நினைத்தால் இன்னும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

விசாரணை செங்கத்தில் ஒரு மண்டபத்தில். மெயின் ரோடுவரை நடந்து, காலை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஒருவராக இறங்கினோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி எல்லாரும் வெளுத்த வேட்டி, நல்ல புடவை. மேடையில் இருந்த அதிகாரி வேறு ஆள், வயதானவர். எரிந்து விழுவார் என்று பயந்திருந்தேன், ஆனால் அவர் என்னை உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். நான் பாறையைப் பற்றிச் சொன்னேன். சாமையைப் பற்றி, காற்றைப் பற்றிச் சொன்னேன். தட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப வெத்தலையை எடுக்கலைன்னா மறுப்புன்னு அர்த்தம். அப்படித்தானேம்மா?"

"அப்படித்தாங்க ஐயா."

"இதை நான் முன்னே கேள்விப்பட்டதில்லை. இருந்தா கண்டிப்பா கணக்குல எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "கம்பெனி தரப்புல அந்த ஊர்க்காரர் ஒருத்தர் வேலை செய்யறாராமே. வந்திருக்காரா?"

என் தம்பி எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க. இப்படி ஒரு வழக்கம் உண்டா?"

"அதெல்லாம் அந்தக் காலத்துல இருந்துச்சுன்னு சொல்லுவாங்க சார்" என்றான் என் தம்பி. "இப்ப அப்படி ஒண்ணும் இல்ல. வெத்தல பாக்கு, வந்தவங்களுக்கு மரியாதைக்குக் குடுக்கறது."

எங்கள் பேச்சில்கூட அவன் சொல்லவில்லை. கீழ்நாட்டு ஆட்கள் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாகச் சொன்னான். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவன் என்னைப் பொய்க்காரி ஆக்கினான், சரி, அது போகட்டும். அவனுக்குப் பெண் பேசியபோது ஊர்க்கூட்டத்தில் இதே தட்டு சுற்றியது. ஊரே ஆளுக்கொரு வெற்றிலை எடுத்துத் தட்டைக் காலி செய்துதான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அப்படி ஒன்றும் இல்லையாமே!

"டேய்!" என்று கத்திவிட்டேன். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்றா!"

"அம்மா, உட்காருங்க" என்றார் அதிகாரி. எங்கள் ஆட்களைப் பார்த்து, "வேற யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். கடவுள் சாட்சி, அவர் நியாயமாகத்தான் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஊர்க்கவுண்டர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் பிள்ளை தங்களைத் தெரியாது என்று சொன்ன பிறகு அந்த மனுஷர்கள் என்னவென்று பேசுவார்கள்? அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார்.

திரும்புகிற பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஊர்க்கவுண்டர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "வுடும்மா, உன் தப்பு இன்னா கீது இதுல" என்றார். அதைக் கேட்டதும்தான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. பாறையின் மேல் சிமெண்டுக் கல் பதித்தார்கள், கம்பி வேலி போட்டார்கள், வண்டி நிறுத்துமிடம் என்று போர்டு வைத்தார்கள். பாறைக்கு மேலே எதற்குக் கல் என்று கேட்டேன், வழுக்காமல் இருக்கவாம். கூடவே தார் ரோடும் வந்தது. ஊர் வாசல்வரைக்கும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நானும் பாதியை மறைத்தவள் ஆவேன்.

மழைக்காலத்தில் என் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. முன்பெல்லாம் யாருக்காவது முடியாமல் போனால் கம்பில் போர்வையைக் கட்டி, அதில் படுக்க வைத்து, ஆட்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். என் அம்மாவையும் உடம்பு முடியாமல் அப்படித் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் வழியிலேயே போனாள். இந்தப் பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வந்தது. போனாள், பெற்றாள், பிள்ளையோடு திரும்பி வந்தாள். இன்று அந்தக் குழந்தை என் அங்கன்வாடியில்தான் சத்துமாவைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் சாமை? முதல் அறுவடைக்கு வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து அடித்தோம். மாடு சுற்ற இடமில்லை, காற்றும் இல்லை. இரண்டாவது அறுவடைக்கு எல்லாரும் ரோட்டில் பரப்பிவிட்டார்கள். வருகிற போகிற காரெல்லாம் ஏறிப் போனது. சிலர் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், சிலர் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அரைத்த மணியில் ஜல்லித் தூளும் டயர் வாசனையும். இந்த வருஷம் பாதி வீடுகள் சாமை விதைக்கவே இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறதே, எதற்கு வம்பு என்கிறார்கள்.

திட்டம் போடுகிறவர்களிடம் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. கேட்பார்களோ மாட்டார்களோ, எழுதிவைக்கிறேன். ஓர் இடத்துக்கு ஒரே நிறம் என்று அடிக்காதீர்கள் ஐயா. எங்கள் பாறைக்கு ஐப்பசியில் ஒரு நிறம், மாசியில் ஒரு நிறம், முகூர்த்த நாளில் இன்னொரு நிறம். ஒரு தரம் மேலே பறந்து படம் எடுத்துவிட்டால் இடம் தெரிந்துவிடாது. அறுப்பு சமயத்தில் ஒரு தடவை வாருங்கள். கார் வருவதே வெயில் காலத்தில்தான், அப்போது எங்களுக்கு அங்கே புளி மட்டும்தான், அதைக் கூரை மேலேகூடக் காயவைத்துக்கொள்வோம். அறுப்புக்கு எங்களுக்கு, வெயிலுக்கு உங்களுக்கு என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! முக்கியமாக, ஓர் ஊர் எப்படி வேண்டாம் என்று சொல்லும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் சம்மதம் கேட்க வாருங்கள். அதையும் ஒரே ஆளிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். அந்த ஆள் ஊருக்குச் செல்லப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

தம்பி நெடுநாள் மலைப்பக்கம் வரவில்லை. இந்தத் தை மாதம் வந்தான். ஸ்வீட் பாக்ஸும் பழப் பையுமாகக் கதவருகே நின்று, "அக்கா" என்றான். நான் முறத்தில் சாமையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனாகவே வந்து எதிரில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"எப்ப முடிவு பண்ண நீ?" என்று கேட்டேன். "தட்டு எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் மழுப்பவில்லை. "பின்னாடிதான்க்கா. சத்தியமா பின்னாடிதான். தட்டு அப்படியே திரும்பி வந்துச்சா. மேடம், அப்ஜெக்ஷன் எதுனா கீதான்னு கேட்டாங்க. கீதுன்னு சொன்னா ஃபைலு அடுத்த ஊருக்குப் போய்டும். ரோடும் பார்க்கிங்கும் ஒண்ணாத்தான் போட்டிருந்தாங்க. பார்க்கிங் இல்லன்னா ரோடு இல்ல."

"அதுக்கு?"

"அம்மா நெனப்பு வந்துடுச்சுக்கா. பின்கம்பு என் தோள்லதான இருந்துச்சு. அம்மா மூச்சு நின்னது எனக்குத்தான மொதல்ல தெரிஞ்சுது."

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. அதோடு அழுகையும் வந்தது. அம்மாவைக் கொண்டுவந்து குறுக்கே போட்டால் நான் என்ன பேச முடியும்? இருந்தாலும் விடவில்லை.

"சரிடா. இத்த அன்னைக்கு ஊருக்குச் சொன்னியா? பாறைய வுட்டாத்தான் ரோடு வரும்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, அந்தத் தட்டு சுத்தறதுக்கு முன்னாடி சொன்னியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"சொல்லியிருந்தா எடுத்திருப்போமேடா! நான் எடுத்திருப்பேன். மொத வெத்தல நான் எடுத்திருப்பேன். அவ உனக்கு மட்டுமா அம்மா?"

"எடுத்திருக்க மாட்டீங்கக்கா." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "எனக்குத் தெரியும். பாறைன்னா உங்களுக்கெல்லாம் உசுரு. எடுத்திருக்க மாட்டீங்க. அதான் கேக்கல."

எடுத்திருப்போம் என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். ஆனால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. சண்டை வந்திருக்கும். ஊர் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் நாறடித்திருப்போம். தட்டு பாதி குறைந்து, பாதி நிறைந்து திரும்பியிருக்கும். மறுபடி மறுபடி சுற்றவிட்டிருப்போம். கடைசியில் பாறையைக் கொடுத்திருக்கலாம், ரோடே வேண்டாம் என்று விட்டிருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்துமிருக்கலாம். எதுவாக இருந்தாலும் நாங்கள் செய்ததாக இருந்திருக்கும். எங்கள் அம்மாவுக்காக நாங்கள் கொடுத்த பாறை என்று சொல்லிக்கொண்டு அதன் மேல் நிற்கிற காரை நான் பார்த்திருப்பேன். இப்போது அந்த ரோட்டில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குத் திருட்டுச் சாமானை அனுபவிக்கிற மாதிரி உடம்பு கூசுகிறது. அதே ரோட்டில்தான் அடுத்த வீட்டுப் பெண் உயிரோடு திரும்பி வந்தாள், அதனால் அதைச் சபிக்கவும் வாய் வருவதில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகளில், அழுதுகொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவனும் குறுக்கே பேசாமல் கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, நிஜமாகவே புரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

"ரோடு நல்லாத்தானக்கா கீது?" என்றான்.